கடைசியாகப் பேசிய கல்லூரி

வாங்கம்மா, உள்ள வாங்க. செருப்பு அங்கயே கெடக்கட்டும், யாரும் எடுக்க மாட்டாங்க. லிஃப்ட் இன்னைக்கும் ஓடலையா? நாலு மாடி ஏறியா வந்தீங்க? முதல்ல உக்காந்து மூச்சு வாங்குங்க. கோமதி, காபி கொண்டா. உங்களுக்குச் சர்க்கரை போடலாமில்ல? எனக்குத்தான் கூடாது.

சம்மேளனத்துலேர்ந்து வரலாறு எழுத ஒரு அம்மா வருவாங்கன்னு போன் வந்தப்போ நான் நம்பலம்மா. அம்பதாவது வருஷ மலர் போடுறாங்களாமே. நான் வெளிய வந்த நாள்லேர்ந்து ஒரு பொங்கல் வாழ்த்துகூட அனுப்பாதவங்க. ஆதி கதை தெரிஞ்ச ஆள் யாருன்னு தேடிப் பாத்திருப்பாங்க. எல்லாரும் போய்ச் சேந்துட்டாங்க, தெய்வசிகாமணி ஒருத்தன்தான் மிச்சம். வேற வழியில்லாம என்கிட்ட அனுப்பியிருக்காங்க. பரவாயில்ல. அந்த மிஷினை மேசை மேல வைங்க. எழுதக் கூடாததைச் சொல்லும்போது நான் சொல்றேன், அமத்திடுங்க.

அகில இந்திய மருத்துவக் கல்லூரிகள் சம்மேளனம். பேரை முழுசாப் போடுங்க, சுருக்காதீங்க. நாட்டுல இருக்கிற டாக்டர் காலேஜ் எல்லாம் சேந்த அமைப்பு. சர்க்கார் ஆபீஸ் கெடையாது. எங்களுக்கு அதிகாரம்னு ஒண்ணும் இல்ல. ஆனா அத்தனை டீனும் ஒரே குரல்ல ஒரு கடுதாசி போட்டா டெல்லியில மந்திரி படிச்சே ஆகணும். அந்த ஒரே குரல்தான் எங்க சொத்து. அதைத்தான் ஒருத்தி வந்து உடைச்சா. அதுக்கு அப்புறம் வரேன்.

ஆரம்பிச்சது எங்கன்னு நினைக்கிறீங்க? டெல்லியில இல்ல. இட்டார்சி ஜங்ஷன்ல. டெல்லியில மந்திரியைப் பாக்கப் போன ஏழு காலேஜ் டீன்கள், மூணு நாள் காத்துக் கெடந்துட்டு வெறுங்கையோட திரும்பி வந்துட்டு இருந்தாங்க. மழையில தண்டவாளம் அரிச்சுப் போயி வண்டி இட்டார்சியில நின்னுடுச்சு. வெயிட்டிங் ரூம்ல உக்காந்து ஆளாளுக்குப் புலம்புறாங்க. தனித்தனியாப் போறதாலதானே மதிக்க மாட்டேங்கிறான், சேந்து போனா என்னன்னு ஒருத்தர் கேட்டார். கை தூக்கினாங்க. ஏழு கை. அதுல ஒரு கை என்னோடது.

நான் அப்ப டீன் இல்ல. உண்மையைச் சொல்லணுமில்ல. அனாடமியில அசிஸ்டன்ட் புரொபசர், இருபத்தெட்டு வயசு. எங்க டீனுக்குத் துணையாப் போனவன், பெட்டி தூக்கிட்டுப் போனவன்னே வச்சுக்கோங்க. அவருக்கு நல்ல காய்ச்சல், பெஞ்சுல படுத்திருந்தார். அவருக்குப் பதிலா நான் தூக்கினேன். பழைய மலர்ல எல்லாம் அவர் பேர்தான் இருக்கும். ஆனா தூக்கினது யார் கை? என் கை. ஸ்தாபகர்கள் ஏழு பேர்னு எழுதும்போது என் பேரைச் சேத்துக்கோங்க. யார் வந்து இல்லேன்னு சொல்லப் போறாங்க.

அன்னைக்கே ஒரு சண்டை வந்துச்சும்மா. யார் முதல்ல பேசுறதுன்னு. ஏழு டீன் ஒரு ரூம்ல இருந்தா அப்படித்தான். அப்ப ஒரு முறை வச்சாங்க. எந்த காலேஜ் பழசோ அது முதல்ல பேசும். அதுக்கு அடுத்து ஆரம்பிச்சது அடுத்து. ஆகப் புதுசு கடைசி. வயசுல பெரியவர் யாரு, எந்த ஊர் பெருசு, எதுவும் கணக்கு இல்ல. காலேஜ் பொறந்த வருஷம்தான். இன்னொரு முறை, எல்லாரும் ஒத்துக்கிட்டாத்தான் தீர்மானம். ஒருத்தர் வேணாம்னா வேணாம். கேட்டா சிரிப்பீங்க, ஆனா நான் செகரெட்டரியா இருந்த அத்தனை வருஷமும், கடைசி ஒண்ணைத் தவிர, எங்க தீர்மானம் எல்லாம் ஒருமனதா நிறைவேறுச்சு. ஏன் தெரியுமா? முதல் பத்து பழைய காலேஜ் ஆமோதிக்கிறேன் ஆமோதிக்கிறேன்னு சொன்னப்புறம் பின்னாடி வர்றவனுக்கு வேற வார்த்தை வராது. கடைசி ஆளுங்க முறை வரும்போது மணி ஒண்ணரை ஆயிருக்கும். பூரி வாசனை வந்துடும். பாதிப் பேர் பையை மூடியிருப்பாங்க. அவங்களும் ஆமோதிச்சுட்டு எந்திரிப்பாங்க. அழகா ஓடிட்டு இருந்துச்சு.

காபி எடுத்துக்கோங்க. ஆறிடும்.

செகரெட்டரி வேலை எப்படி என்கிட்ட வந்துச்சுன்னா, டீன்களுக்குப் பேச வரும், எழுத வராது. நடவடிக்கைக் குறிப்பு எழுத ஒரு ஆள் வேணும். எங்க டீன் என்னைக் காட்டினார். அப்புறம் நானே டீன் ஆனேன், செகரெட்டரி வேலை அப்படியே ஒட்டிக்கிச்சு. சம்மேளனத்துக்கு ஆபீஸ் எதுன்னு கேட்டா எங்க வீட்டு டைனிங் டேபிள்தான். என் வீட்டுக்காரி கோமதியைக் கேளுங்க. சாப்பாட்டுத் தட்டு வைக்க எடம் இருக்காது.

டீன்னா எந்த காலேஜ்னு கேக்குறீங்களா? தெற்கே ஒரு பழைய சர்க்கார் காலேஜ்னு மட்டும் போடுங்க. ஊர் பேர் வேணாம். என் பேர் கெட்டது போதும், காலேஜ் பேராவது இருக்கட்டும்.

இனிமே நான் சொல்றது உங்க மலருக்கு வேணுமா வேணாமான்னு எனக்குத் தெரியாது. ஆனா இதைச் சொல்லாம வரலாறு முழுசாகாது.

மங்களேஸ்வரின்னு ஒருத்தி. டாக்டர் மங்களேஸ்வரி. முதுகுளத்தூர் பக்கம் ஒரு ஊர். அப்பா வெறகை எரிச்சுக் கரிமூட்டம் போடுறவர். காலேஜ்ல சேர வந்த அன்னைக்கு அந்த மனுஷன் நகக்கண் எல்லாம் கருப்பு, கைய வேட்டியில மறைச்சுக்கிட்டு நின்னார். முதல் நாள், பொணம் அறுத்துப் படிக்கிற டிஸக்‌ஷன் ஹால்ல மத்த புள்ளைங்க மயக்கம் போட்டு விழுது, வாந்தி எடுக்குது. இவ மட்டும் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கிட்டு, சார் எங்கேர்ந்து வெட்டணும்னு கேட்டா. அன்னைக்கே எனக்குப் புடிச்சுப் போச்சு. எனக்குப் பொண்ணு கெடையாது. ரெண்டும் பையன். இவதான் என் பொண்ணுன்னு ஊருக்கே சொல்லியிருக்கேன்.

மேல்படிப்புக்கு அவ சர்ஜரி எடுக்கணும்னா. மார்க்கும் இருந்துச்சு. நான்தான் கூப்பிட்டு உக்கார வச்சுச் சொன்னேன். பொம்பளப் புள்ளைக்கு அதெல்லாம் சரி வராது, ராத்திரி டூட்டி, ஓட்டம், நாளைக்குக் கல்யாணம் ஆனா வீட்டை யார் பாத்துக்குவா, பேசாம அனாடமிக்கு வா, என் டிபார்ட்மென்ட்லயே இருன்னு. ரெண்டு நாள் முகத்தைத் தூக்கி வச்சுக்கிட்டா. அப்புறம் வந்து சேந்தா. எப்பேர்ப்பட்ட வாத்தியார் ஆனா தெரியுமா? கரும்பலகையில ரெண்டு கையாலயும் படம் போடுவா. அந்த வாழ்க்கை நான் குடுத்தது. இதை எழுதுங்க.

பக்கத்து மாவட்டத்துல புதுசா ஒரு சர்க்கார் காலேஜ் தொறந்தாங்க. வானம் பாத்த பூமி. யாரும் போக மாட்டேன்னுட்டாங்க. நான்தான் இவ பேரைச் சொல்லி, பொறுப்பு டீனாப் போட வச்சேன். நாப்பது வயசுல டீன். யாருக்கும்மா கெடைக்கும்? போனா. பாத்தா கட்டடம் இருக்கு, ஆள் இல்ல. பெஞ்ச் இருக்கு, வாத்தியார் இல்ல.

அப்ப டெல்லியிலேர்ந்து இன்ஸ்பெக்‌ஷனுக்கு வருவாங்க. ஒவ்வொரு வருஷமும் வந்து தலை எண்ணுவாங்க. அனாடமிக்கு எத்தனை பேர், பிசியாலஜிக்கு எத்தனை பேர், வார்டுல எத்தனை நோயாளின்னு. குறைஞ்சா அந்த வருஷம் புது மாணவர்களைச் சேக்க முடியாது. இவ போன் பண்ணி அழுதா. சார், காலேஜையே மூடிடுவாங்க சார்னு. நான் விட்டுடுவேனா? என் காலேஜ் பஸ்ஸுலயே என் வாத்தியார்களை ஏத்தி அனுப்பினேன். கள்ளத்தனமா இல்ல. கையெழுத்துப் போட்ட ஆர்டரோட, இன்ன தேதியிலேர்ந்து இங்க பணின்னு. இன்ஸ்பெக்டர் வந்தார், எண்ணினார், போனார். அடுத்த வாரம் இன்னொரு ஆர்டர், என் ஆளுங்க திரும்பி வந்துட்டாங்க. காலேஜ் பொழைச்சுது. அடுத்த வருஷமும் அனுப்பினேன். அதுக்கடுத்த வருஷமும். எங்க ஆளுங்களுக்கே பழகிப் போச்சு, பஸ்ஸுல சீட்டு ஆடிக்கிட்டே போவாங்க. பிக்னிக்னுதான் பேரு.

முதல் தடவை கண்ணு கலங்கி நன்றி சொன்னா. சொல்லாம என்ன. அன்னைக்கே இன்னொண்ணும் கேட்டா. இவங்க திரும்ப எப்ப சார் வருவாங்கன்னு. அடுத்த இன்ஸ்பெக்‌ஷனுக்குத்தான்னு சொல்லிச் சிரிச்சேன். அவ சிரிக்கல. அவளுக்கு அப்பவே நகைச்சுவை கம்மி.

அதுக்கப்புறம் அப்பப்ப ஏதாவது சொல்லுவா. நூறு புள்ளைங்களுக்கு அவ ஒருத்திதான் அனாடமி எடுக்கிறாளாம், காலையில டீன் வேலை, மதியம் டிஸக்‌ஷன் ஹாலாம். ஹால்ல பொணம் இருக்காம், சொல்லிக் குடுக்க ஆள் இல்லையாம், புள்ளைங்க சுத்தி நின்னு வேடிக்கை பாக்குதுங்களாம். எல்லா புது காலேஜும் அப்படித்தாம்மா ஆரம்பிக்கும், சமாளின்னு சொன்னேன். ஒரு தீபாவளிக்கு வீட்டுக்கே வந்தா. சம்மேளனம் கூடும்போது புது காலேஜ்கள்ல வாத்தியார் பத்தாக்குறைன்னு அஜெண்டாவுல ஒரு பொருள் சேத்துக்கச் சொன்னா. சேத்தேனே. புது காலேஜ் குடுத்த பொருள் கடைசியிலதான் வரும், அது முறை. அந்த வருஷம் அதுக்கு நேரம் இல்லாமப் போச்சு. அடுத்த வருஷமும் நேரம் இல்ல. அதுக்கு நான் என்ன பண்ணுவேன்?

என்ன கோமதி? ஆமா, அன்னைக்கு அவ ஒண்ணும் சாப்பிடாமப் போயிட்டா. இப்ப அதுவா முக்கியம்? நீ உள்ள போ.

நடுவுல ஒரு விஷயம். இதுக்கு அந்த மிஷினை அமத்திடுங்க. அமத்திட்டீங்களா? அவ காலேஜ்ல முதல் செட் புள்ளைங்க படிச்சு முடிச்சு வார்டுக்கு வந்த நேரம். பயிற்சி டாக்டர் ஒருத்தன், காய்ச்சல்னு வந்த ஒரு அஞ்சு வயசுப் பொண்ணுக்கு இடுப்புல ஊசி போட்டிருக்கான். மேல்பக்கமா, வெளிப்பக்கமாப் போடணும். இவன் நடுவுல கீழ எறக்கிப் போட்டுட்டான். அங்கதான் காலுக்குப் போற பெரிய நரம்பு ஓடுது. பாதம் தொங்கிப் போச்சு. நடந்தா இழுத்துக்கிட்டே நடக்கும். அது எந்தப் பாடம்னு கேட்டா முதல் வருஷ அனாடமி. என் பாடம்தான். நான் முப்பது வருஷம் எடுத்த பாடம். ஒரு நாள் எடுப்பேன், அந்த எடத்துல சாக்பீஸால கோடு போட்டுக் காட்டுவேன், ஒருத்தனும் மறக்க மாட்டான்.

இவ என் ரூமுக்கு வந்து, உக்காருன்னாலும் உக்காராம நின்னா. சார், அந்தப் பையனுக்கு அந்தக் கோட்டைப் போட்டுக் காட்ட ஆள் இல்ல சார்னா. நான் சொன்னேன், அவனுக்கு ஒரு மெமோ குடு, பயிற்சியை ஆறு மாசம் நீட்டு, எல்லா எடத்துலயும் நடக்கிறதுதான்னு. அப்ப நான் சம்மேளனத்துக் கூட்டத்துக்குத் தயார் பண்ணிட்டு இருந்தேம்மா, தலைக்கு மேல வேலை. சரி சார்னு போயிட்டா. அவ்வளவுதான். ஒரு வார்த்தை எதுத்துப் பேசல. மனசுல என்ன வச்சிருக்கான்னு எனக்கு எப்படித் தெரியும்?

இப்ப மிஷினைப் போடுங்க.

அந்தக் கூட்டம் போபால்ல. நான் ரிட்டயர் ஆகப் போற வருஷம். ரெண்டு விஷயம் அதுல. ஒண்ணு, நான் கொண்டு வந்த தீர்மானம். இன்னொண்ணு, புதுத் தலைவர் தேர்தல். தேர்தல்னா பேருக்குத்தான். எல்லாரும் பேசி முடிச்சாச்சு, தெய்வசிகாமணிதான்னு. ரிட்டயர் ஆனாலும் தலைவரா இருக்கலாம், விதி இருக்கு. அந்த விதியையும் நான்தான் எழுதினேன். இத்தனை வருஷம் குறிப்பு எழுதினவன் ஒரு தடவை நடு நாற்காலியில உக்காரணும்னு ஆசைப்பட்டேன். தப்பா அது? புதுக் கோட்டு தச்சேன். கோமதி அதுக்கு ஏத்த மாதிரி டை வாங்கிட்டு வந்தா.

தீர்மானம் என்னன்னா, தனியார் காலேஜ்கள் அப்ப காளான் மாதிரி மொளைச்சிருந்துச்சு. இன்ஸ்பெக்‌ஷன் அன்னைக்கு வாத்தியார்களை வாடகைக்குக் கூட்டிட்டு வருவான். காலையில ஒரு காலேஜ், மறுநாள் இன்னொரு காலேஜ், ஒரே ஆளு, ஒரே கோட்டு. ஊர்க்காரங்களை வேன்ல ஏத்திட்டு வந்து பெட்ல படுக்க வச்சு நோயாளின்னு காட்டுவான். மகா அயோக்கியத்தனம். எனக்கு ரத்தம் கொதிச்சுது. தீர்மானத்தை நானே உக்காந்து எழுதினேன். இன்ஸ்பெக்‌ஷன் அன்னைக்குத் தன் ஆசிரியர் இல்லாதவரைத் தன் ஆசிரியர்னு காட்டுற, அதுக்கு ஆள் குடுக்குற எந்தக் கல்லூரியும் இந்தச் சம்மேளனத்திலிருந்து நீக்கப்படும். எப்படி இருக்கு? ஒரு ஓட்டை கெடையாது.

போபாலுக்கு மங்களேஸ்வரியும் நானும் ஒரே வண்டியிலதான் போனோம். டிக்கெட் நான்தான் சேத்துப் போட்டேன், போக வர. வழியில தீர்மானத்தைப் படிக்கக் குடுத்தேன். ரெண்டு தடவை படிச்சா. சார், இது எந்தக் கல்லூரியும்னு இருக்கே, நாமளும் வருவோமேன்னா. அட, இது நமக்கு இல்லம்மா, அவங்களுக்கு, உன் முறை வரும்போது ஆமோதிக்கிறேன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு உக்காருன்னேன். தலையாட்டினா. தலையாட்டினாம்மா. அதைத்தான் இன்னைக்கும் என்னால மன்னிக்க முடியல.

கூட்டம் தொடங்கிச்சு. தீர்மானத்தை நான் வாசிச்சேன். பழைய காலேஜ் எல்லாம் ஒண்ணு ஒண்ணா ஆமோதிக்குது. தனியார்க்காரங்க முகம் சுண்டிப் போச்சு, ஆனா எதுத்துப் பேசினா மாட்டிக்குவானே, அவனும் ஆமோதிக்கிறான். குல்கர்னின்னு ஒரு தனியார் காலேஜ் டீன், பல்லைக் கடிச்சுக்கிட்டு ஆமோதிச்சார். நான் வரிசைப்படி பேர் கூப்பிடுறேன். பூரி வாசனை வந்தாச்சு. கடைசிப் பேர் அவ காலேஜ், அதுக்கப்புறம் மொளைச்ச எதையும் நாங்க இன்னும் சேத்துக்கல. கூப்பிட்டுட்டு நானே பையை மூட ஆரம்பிச்சுட்டேன்.

எந்திரிச்சா. அவளுக்கு இங்கிலீஷ் தட்டுத் தடுமாறித்தான் வரும். அன்னைக்குக் கணீர்னு வந்துச்சு. இந்தத் தீர்மானத்தை மனப்பூர்வமா ஆமோதிக்கிறேன்னா. சரின்னு நான் பேனாவை மூடினேன். அவ உக்காரல. எங்க கல்லூரியில அஞ்சு வருஷமா இன்ஸ்பெக்‌ஷன் அன்னைக்குக் காட்டின ஆசிரியர்கள்ல பாதிக்கு மேல எங்க ஆசிரியர்கள் இல்ல. அதனால முதல்ல எங்க கல்லூரியை நீக்குங்க. நீக்கினதைக் குறிப்புல எழுதுங்கன்னா.

பையை மூடினவன் எல்லாம் திரும்ப உக்காந்துட்டான். குல்கர்னிக்கு முகத்துல அப்பத்தான் ரத்தம் ஓடுது. அவர் நிதானமா எந்திரிச்சு, யாரோட ஆசிரியர்கள்னு தெரிஞ்சுக்கலாமான்னு கேட்டார். இவ சொன்னா, அது தேவையில்ல, காட்டினது நாங்க, தப்பு எங்களோடது, எங்களை நீக்குங்கன்னு.

இப்ப நீங்களே சொல்லுங்கம்மா. அஞ்சு வருஷம். வருஷா வருஷம் என் டிபார்ட்மென்ட்டைக் காலி பண்ணி அனுப்பினவன் நான். என் புள்ளைங்களுக்கு அந்த வாரம் வகுப்பு இல்ல. டீசல் என் காலேஜ் டீசல். அத்தனை பேர் முன்னாடி அவ வாயிலேர்ந்து, ஒரு பழைய கல்லூரி எங்களுக்குக் கை குடுத்துச்சு, தெய்வசிகாமணி சார் இல்லேன்னா நாங்க இல்லன்னு ஒரு வார்த்தை வரல. தேவையில்லையாம். யாருன்னு தேவையில்லையாம்.

எனக்குப் பொறுக்கல. எந்திரிச்சேன். நான் அனுப்பினேன், அத்தனை பேரும் என் ஆளுங்கன்னு சொன்னேன். விளக்கமாவே சொன்னேன். என்னென்ன டிபார்ட்மென்ட், எப்படி ஆர்டர் போட்டேன், எப்படித் திரும்பக் கூப்பிட்டேன், எல்லாம். இது வாடகை இல்ல, உதவி. ஏழைப்பட்ட மாவட்டத்துக்கு ஒரு அண்ணன் காலேஜ் செய்யுற உதவி. அவங்க பண்றது வியாபாரம், நான் பண்ணினது தர்மம்னு சொன்னேன். நல்லாத்தான் பேசினேன். பேசி முடிச்சா ஒருத்தரும் கை தட்டல. பின்னாடி எவனோ சிரிச்சான்.

உனக்குப் புரியுதா? நீன்னு சொல்லிட்டேன், தப்பா நினைச்சுக்காதேம்மா, நீயும் எனக்குப் பொண்ணு மாதிரிதான். புரியுதா, அவ என்னை எப்படி மாட்டி விட்டான்னு? என் பேரைச் சொல்லாமலே மாட்டி விட்டா. சொல்லியிருந்தாக்கூட மறுத்திருக்கலாம். சொல்லாம நின்னா பாரு, அதுதான் சாமர்த்தியம்.

அப்புறம் என்ன. குல்கர்னி பெரிய மனுஷன் மாதிரி பேசினார். நாமெல்லாம் ஒரு குடும்பம், அவரவர்க்குக் கஷ்டம், செகரெட்டரியே ஒத்துக்கிட்டப்புறம் இதை ஏன் பெருசு பண்ணணும், தீர்மானத்தை வாபஸ் வாங்கிடலாம்னார். எல்லாரும் தலையாட்டினாங்க. நானும் ஆட்டினேன், வேற என்ன செய்ய. வாபஸ் வாங்கவும் எல்லாரும் ஒத்துக்கணுமில்ல? திரும்ப வரிசையாக் கேட்டு வந்தோம். கடைசியில அவ. நான் ஆமோதிச்சாச்சு, வாபஸ் வாங்க மாட்டேன்னுட்டா. வாபஸ் வாங்கவும் முடியல, நிறைவேத்தவும் முடியல. நிறைவேத்தினா என் காலேஜையே நீக்கணுமே. முடிவு எட்டப்படவில்லைன்னு குறிப்புல என் கையாலயே எழுதினேன். சம்மேளனம் பொறந்ததுலேர்ந்து அந்த வார்த்தையை யாரும் எழுதினதில்ல.

சாப்பாட்டுக்கப்புறம் தலைவர் தேர்தல். என் பேரை முன்மொழிய இருந்தவருக்குத் திடீர்னு விமானத்துக்கு நேரமாயிடுச்சாம். குல்கர்னி பேர் வந்துச்சு. வரிசையா ஆமோதிச்சாங்க. எனக்கு வாங்கி வச்சிருந்த மாலைதான், அதை அவர் கழுத்துல போட்டாங்க. கை தட்டினேன். தட்டாம இருந்தா பொறாமைம்பாங்க.

இங்க வந்தா பேப்பர்ல வந்துடுச்சு. என் மேல விசாரணை. ரிட்டயர் ஆன அன்னைக்கு ஒரு பாராட்டுக் கூட்டம் இல்ல, ஒரு குரூப் போட்டோ இல்ல. பியூன் மட்டும் கேட் வரைக்கும் வந்தான். அவ காலேஜுக்கு அந்த வருஷம் சேர்க்கையை நிறுத்திட்டாங்க. நூறு ஏழைப் புள்ளைங்க சீட்டு போச்சு. அவதான் அதுக்குப் பொறுப்பு, இதைக் கண்டிப்பா எழுது. மறு வருஷம் சர்க்கார்ல நிரந்தர வாத்தியார்களைப் போட்டாங்க. இப்ப அங்க அனாடமியில ஒரு எடம்கூடக் காலி இல்லையாம், நல்ல காலேஜ்னு பேராம். அவளாலதான்னு சில பேர் சொல்லிட்டுத் திரியுறாங்க. அதெல்லாம் இல்ல. அது தேர்தல் வந்த நேரம், போட்டாங்க. நான் விசாரிச்சுட்டேன்.

இன்னும் ஒண்ணு இருக்கு. சொல்லலாமா வேணாமான்னு பாக்குறேன்.

சொன்னேனே, போக வர டிக்கெட் சேத்துப் போட்டேன்னு. திரும்பி வரும்போது வேற எடம் கெடைக்கல. பக்கத்துப் பக்கத்து சீட்டு. நான் ஜன்னல் பக்கம் திரும்பி உக்காந்துட்டேன். அவ படிக்கிற மாதிரி ஏதோ புத்தகத்தை வச்சிருந்தா. அழுதான்னு நினைக்கிறேன். எனக்கு என்ன. மறுநாள் காலையில விஜயவாடா வந்துச்சு. எறங்கிப் போயி இட்லி வாங்கிட்டு வந்தா, ரெண்டு பொட்டலம். எனக்குச் சர்க்கரை இருக்குன்னு தெரியும், நேரத்துக்குச் சாப்பிடலேன்னா எனக்குக் கை நடுங்கும்னு தெரியும். எத்தனை வருஷம் கூட இருந்தவ.

வண்டி கெளம்பினப்புறம் நான்தான் வாயைத் தொறந்தேன். மனசு கேக்கல. ஏம்மா, உனக்கு நான் என்ன குறை வச்சேன், இப்படி சபையில நிறுத்துறதுக்கு முன்னாடி என்கிட்ட தனியா ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதான்னு கேட்டேன்.

அவ என்னைப் பாத்து, மெதுவாத்தான் சொன்னா. கோவமா சொல்லியிருந்தாக்கூட பரவாயில்ல.

"அஞ்சு வருஷமா சொல்லிட்டுத்தான் சார் இருந்தேன். நேத்துதான் உங்க காதுல விழுந்துச்சு."

என்ன பேச்சு பாத்தியா? வளத்தவன்கிட்ட பேசுற பேச்சா இது? என்கிட்ட என்ன சொன்னா அவ? எப்ப சொன்னா? நான் எவ்வளவோ யோசிச்சுப் பாத்துட்டேன், ஒண்ணும் ஞாபகம் வரல. வாத்தியார் இல்ல, ஆள் இல்லன்னு பொலம்புவா, அது எல்லா டீனும் பொலம்புறது. அதைச் சொன்னேன்னு சொன்னா எப்படி? நீ இவ்வளவு நேரம் கேட்டியே, நீயே சொல்லு. என்னம்மா, மிஷினை எடுத்துப் பையில வைக்கிற. எழுதுறவங்க எல்லாம் இப்படித்தான், கேட்டுக்கிட்டு எந்திரிச்சுடுவீங்க.

சரி, கெளம்புறியா. இட்டார்சியில ஏழு கைன்னு மறக்காமப் போடு. மங்களேஸ்வரி பேரை எங்கயும் போடாதே, ஒரு உறுப்பினர்னு போட்டாப் போதும். அப்புறம் அந்த இட்லி விஷயம். அவ அப்படிச் சொன்னப்புறமும் பொட்டலத்தை அவளே பிரிச்சு, சட்னியை ஒரு ஓரமா ஒதுக்கி என் மடியில வச்சா. எனக்குக் கை நடுங்க ஆரம்பிச்சுடுச்சு. ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டு அத்தனையும் சாப்பிட்டேன். அதை மட்டும் எழுதிடாதே.